கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு எஸ்.ஐ.பி. ஆரம்பிக்கலாமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் 34 வயது வாசகர் கேட்டிருக்கிறார். கைக்கு வருவது 40,000. வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 28,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டுக்கு 5,000, எண்டோமென்ட் பாலிசிக்கு (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) மாதக் கணக்கில் 3,000, கிரெடிட் கார்டுக்கு 4,000. அதோடு சரி, மிச்சம் ஒன்றுமில்லை. சீட்டு முடிய இன்னும் 7 மாதம், இதுவரை எடுக்கவில்லை. "சீட்டு முடிந்ததும் அந்த 5,000-த்தை எஸ்.ஐ.பி.யில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முறை) போட்டால் 50 வயதில் வேலையை விட்டுவிடலாமா?" என்பது கேள்வி.

முதலில் அந்தக் கார்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பணம் ஒழுகும் இடம் அதுதான். பாக்கி 80,000, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வட்டி 2,800, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504, ஆக 3,304. நீங்கள் கட்டுகிற 4,000-த்தில் அசலுக்குப் போவது வெறும் 696 ரூபாய்! வருடத்துக்கு 42 சதவீதம், வரி தனி. எந்த மியூச்சுவல் ஃபண்டும் நிச்சயமாக இந்த வருமானத்தைத் தராது, ஆனால் வங்கிக்காரர் உங்களிடம் நிச்சயமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

கடைசிவரை காத்திருந்து சீட்டை எடுப்பதுதான் லாபம் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள், சாதாரணமாக அது சரியும்கூட. உங்கள் விஷயத்தில் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். சீட்டில் இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு கார்டுக்கு வட்டி கட்டுவானேன்? கடைசிக் கட்டத்தில் தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம் போகாது. 8,000 தள்ளி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், 92,000 வரும். நடத்துபவரின் கமிஷன் 5,000 என்றால் அது கடைசி மாதம் எடுத்தாலும் போகத்தான் போகிறது, ஆகவே முன்கூட்டி எடுப்பதால் வருகிற உண்மையான நஷ்டம் 3,000. கார்டின் ஒரு மாத வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த 3,304-ஐவிடக் குறைவு. எடுத்தபின் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கேட்பார்கள், அதற்கு ஆளை முன்பே பேசி வையுங்கள். (சீட்டு 1982-ம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதுதானா என்றும் பாருங்கள். பதிவில்லாத சீட்டு என்றால் சீக்கிரம் எடுக்க அதுவே இன்னொரு காரணம்.)

கார்டு முழுவதும் அடைந்ததும் 4,000 விடுபடும், 7 மாதம் கழித்து சீட்டின் 5,000-மும் சேரும். அதை உடனே பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம், மூன்று மாத வீட்டுச் செலவு, அதாவது 84,000, ஆர்.டி.யிலோ சேமிப்புக் கணக்கிலோ சேரட்டும். கார்டு பாக்கியும் இந்த மாத வட்டி, வரியும் போக சீட்டில் மிஞ்சும் எட்டாயிரம் சொச்சத்தையும் போட்டால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் சேர்ந்துவிடும். அவசரத்துக்குக் கையில் காசு இல்லாததால்தானே கார்டைத் தேய்த்தீர்கள்?

பாலிசிக்கு வருகிறேன். காப்பீட்டுத் தொகை 6 லட்சம், அதாவது உங்கள் 15 மாதச் சம்பளம். இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? முதலில் ஒரு டெர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, ஆயுள் காப்பீடு மட்டும்) எடுங்கள், பிரீமியம் இப்போது கட்டும் 36,000-ஐவிட மிகக் குறைவாகவே இருக்கும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. அது கைக்கு வந்தபிறகு, 5 வருடம் கட்டிய பழைய பாலிசிக்கு சரண்டர் தொகை (இப்போதே முடித்தால் கிடைப்பது) எவ்வளவு, பெய்டு அப் ஆக்கினால் (மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் பாலிசியை விட்டுவைத்தால்) முதிர்வில் எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் பெய்டு அப் ஆக்குவதே நஷ்டம் குறைந்த வழி. ஏஜென்ட் உறவுக்காரராக இருந்தால் கொஞ்சம் மனத்தாங்கல் வரும், வரட்டும்.

சரி, 50 வயது. வருடச் செலவைப் போல 25 மடங்கு இருந்தால் போதும் என்கிற பேச்சு, 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அந்த நாட்டுச் சந்தை வரலாற்றை வைத்து, 30 வருட ஓய்வுக்காகப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஐம்பதில் வேலையை விடுகிறவருக்கு 40 வருடம் ஓட்ட வேண்டும், நான் 30 மடங்குக்குக் கீழே சொல்ல மாட்டேன். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய மாதச் செலவு 28,000 பதினாறு வருடத்தில் 71,000 ஆகிவிடும்; வருடத்துக்கு எட்டரை லட்சம், அதற்கு 30 மடங்கு என்றால் இரண்டரைக் கோடிக்கு மேல். மாதம் 5,000 போட்டு, 12 சதவீதமே கிடைத்தாலும் சேர்வது 29 லட்சம். ஆக 50 நடக்காது. சம்பளம் ஏறும்போதெல்லாம் எஸ்.ஐ.பி.யையும் ஏற்றினால் 58 பற்றிப் பேசலாம். செலவு குறைந்த ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்குவது), டைரக்ட் பிளான் (ஏஜென்ட் கமிஷன் இல்லாதது), ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

இன்னொன்று, கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிப்பது உங்கள் ஊரில் சகஜம். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி. ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரியும் வரலாம். அடுத்த முறை மாறினால் அதே யு.ஏ.என். எண்ணை (பி.எஃப்.-க்கான நிரந்தர எண்) கொடுத்துப் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.