முள்ளு நகரவே மாட்டேங்குதே!

கேள்வி: அக்கா, ஆறு மாசத்துல 82 கிலோல இருந்து 73க்கு வந்தேன், தெனமும் நடக்கேன், ராத்திரி சோறும் நிறுத்தியாச்சு, ஆனா ரெண்டு மாசமா எடை அப்படியே நிக்குது. மனசே விட்டுப்போச்சு.
- வாசகி, தக்கலை

பதில்: மனசை விடாதம்மா, 9 கிலோ கொறைச்சது சின்ன காரியம் இல்ல. 82 கிலோ உடம்பு செலவழிச்ச சக்தி 73 கிலோ உடம்புக்கு தேவைப்படாது, அதனால அன்னைக்கு எடை கொறைச்ச அதே சாப்பாடு இன்னைக்கு சரிக்குச் சரியா போயிடுது, இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல.

சோத்தை நிறுத்துனியே, தேங்காயைப் பாத்தியா? நம்ம ஊர்ல தேங்கா அரைக்காம மீன் கறி ஏது, அதுக்கு மேல தாளிப்பு வேற. ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காயெண்ணெயே சுமாரா 120 கலோரி! சாயங்காலம் சாயாவோட கை நெறைய ஏத்தங்கா சிப்ஸ், மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மயக்குனது எல்லாம் கணக்குல வரணும். ஒரு வாரம் வாயில போட்டது அத்தனையும் நோட்டுல எழுது, சமைக்கும்போது ருசி பாத்தது உட்பட.

பட்டினி மட்டும் கெடக்காத, தசை கரைஞ்சிடும். சாளை (மத்தி) மீனோ அயிலை (கானாங்கெளுத்தி) மீனோ பொரிக்காம, தேங்கா அரைக்காத புளிமுளகு கறி வச்சு சாப்பிடு, முட்டை, பயறு சேத்துக்கோ. வெறும் நடை போதாது, வாரத்துல ரெண்டு நாள் நாற்காலில உக்காந்து எந்திரிக்கிறது, தண்ணி பாட்டில் தூக்குறதுன்னு தசைக்கு வேலை குடு. இடுப்பை டேப் வச்சு அளந்து பாரு, முள்ளு நகராட்டியும் அங்க கொறைஞ்சிருக்கலாம். அசதி, முடி கொட்டுறது, மாசவிடாய் தள்ளிப்போறது இருந்தா தைராய்டு டெஸ்ட் எடுத்துரு, அதை தள்ளிப்போடாத.