கீமோ ஒரு கிழமை தள்ளிப்போனால் புற்று பெருகிவிடுமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். தெல்லிப்பழையில் மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். இந்தமுறை இரத்தம் சோதித்துவிட்டு, வைற் செல் குறைவு, அடுத்த கிழமை வாங்கோ என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் நோய் பெருகிவிடாதா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?"

பயப்பட வேண்டாம், தங்கச்சி. அம்மாவின் உயிரைக் காக்கத்தான் அந்த ஒரு கிழமை.

ஒரு கலம் (செல்) நினைத்தவுடன் இரண்டாகிவிடாது. முதலில் பருக்க வேண்டும், பிறகு பரம்பரைத் தகவலைத் தாங்கும் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும், அந்த டிஎன்ஏ சுருண்டிருக்கும் 46 நிறமூர்த்தங்களின் பிரதிகளையும் சரிசமமாகப் பங்கிட வேண்டும். சைக்ளின் என்ற புரதங்கள் கூடிக் குறைவதுதான் இந்தக் கட்டங்களை முன்னே தள்ளுகிறது. இதைத் துலக்கிய ஹார்ட்வெல், ஹன்ட், நேர்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. நடுவில் தடைகளும் உண்டு. டிஎன்ஏ பழுதானால் பி53 என்ற புரதம் பிரிவை நிறுத்திவைக்கும்; திருத்த முடியாத பழுது என்றால் கலம் தன்னையே அழித்துக்கொள்ளும். புற்றுக் கலத்தில் கெட்டுப்போவது இந்தத் தடைகள்தான். ஏறத்தாழ பாதிப் புற்றுகளில் பி53 மரபணுவே பழுதாகியிருக்கும்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை பிரிகிற கலத்தைத்தான் தாக்கும். நம் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினைப் பாருங்கள். நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்நார்களை அது உருவாகவிடாது. ஒரேயொரு நிறமூர்த்தம் நாரில் கொளுவாமல் நின்றால்கூட, கலம் அடுத்த கட்டத்துக்குப் போகாது. அப்படியே நெடுநேரம் நின்று செத்துப்போகும். (அதற்காகப் பட்டிப்பூவை அவித்துக் குடிக்கக் கூடாது, அது நஞ்சு. அம்மாவுக்கு ஏற்றுவது வேறு மருந்தாகவும் இருக்கலாம்.)

ஆனால் எலும்புக்குள் இருக்கும் மச்சையில் இரத்தக் கலங்களை உண்டாக்கும் கலங்களும் ஓயாமல் பிரிபவைதான். முடி வேரும் வாயின் உட்தோலும் அப்படித்தான். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். மருந்து ஏற்றி 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமிகளோடு போராடும் வெண்குருதிக் கலங்கள் (நீங்கள் சொன்ன வைற் செல்) பெரும்பாலும் ஆகக் குறையும். மச்சையின் மூலக் கலங்களில் பல அந்நேரம் பிரியாமல் ஒதுங்கியிருப்பதால் தப்பிவிடும். அவை மறுபடி நிரப்பித்தர ஏறக்குறைய மூன்று கிழமை வேண்டும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதற்கு முன் மருந்து ஏற்றினால் சாதாரணக் கிருமிகூட ஆளைக் கொண்டுபோய்விடும்.

மார்புக் கட்டி இரட்டிப்பாகப் பெரும்பாலும் மாதக்கணக்கு ஆகும். ஒருமுறை ஒரு கிழமை தள்ளிப்போவது பெரிய விஷயமில்லை. திரும்பத் திரும்பத் தள்ளிப்போனால் மச்சையைத் தூண்டும் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பப்பாளிச் சாறு வேண்டாம். டெங்குக் காலத்துப் பழக்கம் அது. வெண்குருதிக் கலங்களைக் கூட்டும் என்பதற்கு ஆதாரமில்லை. நன்றாக வெந்த சாப்பாடு, கொதித்தாறிய தண்ணீர், சோப் போட்டுக் கழுவிய கை, இவை போதும்.

வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்கட்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், தொட்டால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். காய்ச்சல் இறங்கியதுபோல் தெரியும், கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும். நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கீமோ ஏற்றுகிற ஆள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.