தினசரி ஓட்ட, வேகமும் இடவசதியும் உள்ள ஆல்-வீல் டிரைவ் வேகன்: எதைப் பார்த்து வாங்குவது?

வேகன் என்றால், கூரை பின்பக்கம் வரை நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் கார். முதலில் அந்த டிக்கியைத் திறந்து பாருங்கள், குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம். பின் சீட்டை மடக்கினால் தரை சமமாகிறதா, பெட்டியைத் தூக்கி வைக்கும் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தினமும் கைக்கு வரும் விஷயங்கள்.

அடுத்து, நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் விதம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் வேகனில் எஞ்சின் குறுக்காக இருக்கும். சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலும் முன்சக்கரங்களே இழுக்கும், தேவைப்படும்போது ஒரு கிளட்ச் பின்சக்கரங்களுக்கும் விசையைத் தள்ளும். சுபாரு அவுட்பேக்கில் பின்சக்கரங்களுக்கு எப்போதும் கொஞ்சம் விசை போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அதன் உயரமான உடல் வளைவில் சாயும். ஸ்போர்ட்டி என்று நான் சொல்லமாட்டேன். வளைவுதான் முக்கியம் என்றால் கோல்ஃப்.

ஒன்று மறக்க வேண்டாம்: ஆல்-வீல் டிரைவ் கிளம்பத்தான் உதவும், பிரேக் பிடிக்க உதவாது. பனியில் நிற்க வைப்பது டயர்தான். ஒரு டயர் வீணானால், மற்றவை தேய்ந்திருக்கும் பட்சத்தில் நான்கையும் மாற்ற வேண்டிவரலாம். சுற்றளவு வேறுபட்டால் அந்தக் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். பழைய வண்டி என்றால் நான்கு டயரின் பள்ளத்தையும் அளந்துவிட்டே விலை பேசுங்கள்.