கைபடாத ஆம்ப் என்றால் நல்ல ஆம்பா?

கேள்வி: பத்து ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பழைய வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போது ஃபெண்டர் நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற மாடலில் இரண்டு ஆம்ப்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 1966-இல் வந்தது, கருப்பு முகப்பு. "யாரும் கைவைக்கவில்லை, உள்ளே எல்லாமே ஒரிஜினல், 20 வருடமாக மூடியே வைத்திருந்தேன்" என்கிறார் வைத்திருப்பவர். மற்றது 1972, வெள்ளி முகப்பு. அதில் கெப்பாசிட்டர்களை மாற்றி, மூன்று முனை பிளக் போட்டு, ஸ்பீக்கரையும் மாற்றிவிட்டார்கள். விலை முதலாவதில் பாதிதான். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. நேரில் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த சொல், "யாரும் கைவைக்கவில்லை" என்பதுதான். விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சேர்த்துவைத்து அழகு பார்ப்பவருக்கு அது பெருமைதான். தினமும் வாசிக்கப்போகிற உங்களுக்கு, அதே சொல் ஓர் எச்சரிக்கை.

காரணம் இது. வால்வு ஆம்பில் சில பாகங்கள் ஓர் ஆயுள் முழுக்க வரும், சில பாகங்கள் பாலைப்போல நாள்பட்டால் கெட்டுவிடும். கெடுபவற்றில் முதலில் நிற்பவை மின்சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றுக்குள் ஈரப்பசையுள்ள ஒரு வேதிக்கலவை இருக்கிறது. 15, 20 ஆண்டுகளில் அது காயத் தொடங்கும். ஆம்பைப் போடாமலே வைத்திருந்தால் இன்னும் மோசம்: மின்சாரத்தைத் தடுத்து நிற்க வேண்டிய மெல்லிய ஆக்ஸைடு படலம் உள்ளே மெல்ல அரித்துப்போய்விடும். அந்த நிலையில் ஒருவர் நேராக பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டால், 400 வோல்ட்டுக்கு மேல் ஒரே அடியாகப் பாய்ந்து கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகலாம். அது தனியாகப் போவதில்லை. ரெக்டிஃபயர் வால்வையும் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுவது), கெட்ட நேரம் என்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் 1966 ஆம்பைப் பார்க்கப் போகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அண்மையில் அதைப் போட்டுப் பார்த்தீர்களா? "இல்லை, நீங்கள் வந்ததும் போட்டுக் காட்டுகிறேன்" என்றால், வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள். வால்வு ஆம்ப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் முதலில் திறந்து பார்த்து, வேரியாக்கோ (மின்னழுத்தத்தைச் சிறிதுசிறிதாக ஏற்றும் கருவி) சீரிஸ் லேம்ப்போ (பாயும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த இடையில் சேர்க்கும் பல்ப்) வைத்துத்தான் அதற்கு உயிர்கொடுக்க வேண்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அது ஓடாத ஆம்ப் என்று கணக்கில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. எக்காரணம் கொண்டும் நீங்களாகச் சேசிஸை (மின்பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தை) கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கலாம். அதை முறையாக வடித்துவிட்டுத்தான் தெரிந்தவர்களே கைவைப்பார்கள்.

அந்தக் காலத்து ஆம்ப்கள் பலவற்றில் பிளக்குக்கு இரண்டே முனை, எர்த் கிடையாது. பின்பக்கம் 'கிரவுண்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதன் பின்னால் மின்கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர். அது ஷார்ட் ஆனால், நீங்கள் கையில் பிடித்திருக்கும் கிட்டாரின் கம்பிகளிலேயே வீட்டு மின்சாரம் வந்து நிற்கும். ஆம்ப் பழுது பார்ப்பவர்கள் அதை 'சாவு கெப்பாசிட்டர்' என்று சொல்வது சும்மா இல்லை. அதை எடுத்துவிட்டு மூன்று முனை வயர் போட்ட ஆம்பை "ஒரிஜினாலிட்டி போச்சு" என்று யாராவது மட்டம்தட்டினால் காதில் வாங்காதீர்கள்.

இனி நேரில் போகும்போது. ஒரு சின்ன டார்ச், ஒரு பென்சில், உங்கள் கிட்டார், நீங்கள் நம்பும் ஒரு கேபிள். இவை போதும். போடுவதற்கு முன்பே ஆம்பைத் திருப்பி, பின்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள்.

வால்வு மாற்றலாம், கெப்பாசிட்டர் மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மர்களும் பெட்டியும்தான் அந்த ஆம்பின் உடம்பு. டிரான்ஸ்ஃபார்மர்கள் மீது எண்கள் அச்சாகியிருக்கும். 606 என்று தொடங்கினால் அது ஷூமாக்கர் நிறுவனம் செய்தது, அந்தக் காலத்து ஃபெண்டர்களில் சாதாரணமாகக் கிடைப்பது. அடுத்து வருவது ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. ஸ்பீக்கரின் விளிம்பிலும் இதே முறைதான்: 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 220 என்றால் ஜென்சன். 465638 என்று இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனம் 1966-இன் 38-வது வாரத்தில், அதாவது செப்டம்பரில் செய்த ஸ்பீக்கர். பெட்டியின் உட்புறத்தில் வால்வுகளின் வரிசை அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். அதில் இரண்டு எழுத்து முத்திரை இருந்தால், முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' 1951-இல் தொடங்குகிறது, எண்ணிக்கொண்டே வந்தால் 'ஏ'வுக்கு அடுத்த 'பி' (B) அல்ல, 'ஓ'வுக்குப் பின் வரும் 'பி'தான் (P) 1966. அதற்குப் பக்கத்தில் 'கே' இருந்தால் நவம்பர். செப்டம்பர் ஸ்பீக்கர் நவம்பரில் பெட்டிக்குள் போயிருக்கிறது, கணக்கு இடிக்கவில்லை. மாறாக, டிரான்ஸ்ஃபார்மரில் 1970-க்குப் பிந்தைய எண் இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. வெள்ளி முகப்பைக் கழற்றிவிட்டுக் கருப்பு முகப்பு மாட்டி விற்பவர்கள் உண்டு. இந்த எண்களில்தான் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் தார் போல ஏதாவது வழிந்து உறைந்திருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா என்றும் பாருங்கள். ஃபியூஸைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்பலகையில் அச்சிட்ட அளவைவிடப் பெரிய ஃபியூஸ் உள்ளே இருந்தால், சின்னது எரிந்துகொண்டே இருந்தது என்று பொருள். காரணத்தைத் தேடாமல் ஃபியூஸை மட்டும் பெரிதாக்கியிருக்கிறார்கள். நான் அந்த இடத்திலேயே கிளம்பிவிடுவேன்.

ஸ்பீக்கர் கூம்பின் இரண்டு பக்கத்திலும் விரல்களைச் சமமாக வைத்து, மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். மணல் உரசுவது போல விரலுக்குப் பட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) தேய்கிறது.

போட்டுப் பார்க்கலாம் என்ற நிலையில் உள்ள ஆம்ப் என்றால், ஸ்பீக்கர் வயர் செருகியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு போடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். லேசான முனகல் இருக்கலாம். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே அடித்தொண்டையில் ரீங்கரித்தால், பெரும்பாலும் அந்தப் பழைய கெப்பாசிட்டர்கள்தான். வாசிக்காமலே சருகை மிதிப்பது போலச் சடசடத்தால் ஒரு ரெசிஸ்டரோ வால்வோ தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. பென்சிலால் சிறிய வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று கேட்டால் பரவாயில்லை. மணி அடித்தது போல இழுத்துக்கொண்டு ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும். வால்வின் மேலே உள்ள வெள்ளிப் பூச்சு வெண்மையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அது செத்த வால்வு.

இப்போது நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். அறையை இருட்டாக்கி, பெரிய வால்வுகள் இரண்டையும் பாருங்கள். டீலக்ஸ் ரிவெர்பில் அவை 6வி6. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் ஒளிர்வது இயல்பு. கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டினாற்போல் நீல ஒளி தெரிந்தாலும் பயமில்லை. ஹீட்டரைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு பழுக்கக் காய்ச்சிய இரும்பு போலச் சிவக்கத் தொடங்கினால் உடனே அணையுங்கள். இதைப் போட்டவுடன் ஒரு தடவை பார்த்தால் போதாது. நானே இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். பல வருடம் முன்பு ஓர் ஆம்பைப் பத்து நிமிடம் வாசித்தேன், சொக்கிப்போனேன், பணத்தைக் கொடுத்துத் தூக்கிவந்தேன். வீட்டில் முக்கால் மணிநேரம் வாசித்திருப்பேன். தாழ்ந்த ஸ்வரங்கள் தேய்ந்து, ஒலி தொண்டை கட்டியது போல ஆனது. பின்னால் எட்டிப் பார்த்தால் ஒரு வால்வின் தகடு மட்டும் மெழுகுவர்த்திச் சுடர் அளவுக்குச் சிவந்து நிற்கிறது. ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியை மட்டும் கடத்த வேண்டிய சின்னஞ்சிறு கப்ளிங் கெப்பாசிட்டர் ஒன்று சூடேறிய பிறகு மட்டும் மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. விற்பவருக்கும் இது தெரிந்திருக்காது என்றே இன்றும் நம்புகிறேன். அதனால் குறைந்தது 45 நிமிடம் வாசிக்க நேரம் கேளுங்கள். தாழ்ந்த வால்யூமிலும் வாசியுங்கள், 6, 7 வரை ஏற்றியும் வாசியுங்கள். அவ்வளவு நேரம் தரமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

ட்ரெமலோ (ஒலியின் அளவைச் சீராக ஏற்றி இறக்கும் வசதி) வேலை செய்யவில்லை என்று சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். முகப்பில் 'வைப்ராட்டோ' என்று எழுதியிருப்பது உண்மையில் ட்ரெமலோதான். அந்த மாடலில் கால் சுவிட்சைச் செருகினால்தான் அது இயங்கும். சுவிட்ச் தொலைந்ததால் 'பழுது' என்று பெயரெடுத்த ஆம்ப்கள் நிறைய. எதிரொலி தரும் ரிவெர்புக்கு, ஆம்பை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஸ்பிரிங் அதிர்ந்து இடி முழங்குவது போலக் கேட்டால் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது.

மின் அழுத்தம் ஒன்று பாக்கி. அமெரிக்காவில் விற்பதற்காகச் செய்த டீலக்ஸ் ரிவெர்ப் 117 வோல்ட்டுக்கானது. நீங்கள் இருக்கும் இடத்தில் 230 வோல்ட் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. அதிலும் எர்த் கம்பி அறுபடாமல் ஆம்ப் வரை தொடர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்றுமதிக்காகச் செய்தவற்றில் வோல்டேஜ் தேர்வு இருக்கும். அது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் சுவிட்ச் பக்கம் கை போகக் கூடாது.

இரண்டில் எது? 1972-ஐத்தான் வாங்கச் சொல்வேன். 1965-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பிறகு வந்தவையெல்லாம் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் உங்கள் 1966 கருப்பு முகப்பும் அந்த விற்பனைக்குப் பிறகு செய்ததுதான். ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய ஆம்ப்களில் 1970-களில் மாற்றங்கள் கொஞ்சம் அதிகம். டீலக்ஸ் ரிவெர்பில் சர்க்யூட் பெரிதாக மாறவில்லை, அதே இரண்டு 6வி6, அதே 12 அங்குல ஸ்பீக்கர், 20 வாட்டை ஒட்டிய அதே சக்தி. கண்ணைக் கட்டிக்கொண்டு வாசித்தால் முகப்பின் நிறம் தெரியப்போவதில்லை. கெப்பாசிட்டர் மாற்றியதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒருவர் இந்த ஆம்பைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததன் அடையாளம். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று கேளுங்கள், உள்ளே எடுத்த படம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். சால்டரிங் சுத்தமாக இருந்தால் திருப்தியாக வாங்கலாம். கழற்றிய பழைய ஸ்பீக்கரை எங்காவது வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பலர் பரணில் போட்டு மறந்திருப்பார்கள், கேட்டால் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள்.

மனம் 1966 மீதே நிற்கிறது என்றால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன், அது அழகான ஆம்ப். ஆனால் கேட்கும் விலையில் கெப்பாசிட்டர், எர்த், வால்வு என்று ஆகப்போகும் முழுச் செலவையும் கழித்துக்கொண்டு பேசுங்கள். வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராக மெக்கானிக்கிடம் இறக்குங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு பையில் போட்டு, பெட்டியின் அடியில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.