இங்கிலாந்தில் கேன்சர் நர்ஸ் வேலையில் இனப் பாகுபாடு இருக்கிறதா? எப்படிச் சரிசெய்யலாம்?

இருக்கிறது, ஆனால் வாசலில் இல்லை, மாடிப்படியில். பேண்ட் 5 வேலைக்கு (அரசு மருத்துவமனைச் சம்பளப் படிகளில், பதிவு பெற்ற நர்ஸின் தொடக்கப் படி) ஆள் எடுக்கும்போது எங்கள் பக்கம் யாரும் நிறம் பார்த்து நான் கண்டதில்லை, பற்றாக்குறை அப்படி. நான் இருக்கும் கீமோ யூனிட்டில் மலையாளிகள், பிலிப்பினோக்கள், நைஜீரியர்கள், தமிழர்கள் எல்லாரும் உண்டு. கேனுலா (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடுவதும் மருந்து ஏற்றுவதும் பெரும்பாலும் நாங்கள்தான். டாக்டர் நோயைச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் சிகிச்சை முழுக்க அந்த நோயாளிக்குப் பொறுப்பாக இருக்கும் ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் பதவிகளைப் பாருங்கள். முகங்கள் மாறிவிடும்.

ஸ்பெஷலிஸ்ட் பதவி பெரும்பாலும் பேண்ட் 6 அல்லது 7. வெளிநாட்டிலிருந்து வருபவர் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு முடித்துப் பதிவு எண் வாங்கும்வரை பேண்ட் 5-க்கும் கீழேதான். அடையாறில் பத்து வருடம் கீமோ கொடுத்திருந்தாலும் இதே கதை. கீமோ திறன் சான்றை இங்கே மறுபடி எடுக்கச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை; பம்ப், நடைமுறை எல்லாம் வேறு. அதை எடுத்த பிறகும் அந்தப் பத்து வருடத்தைப் பல இடங்களில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் உறுத்துகிறது.

இது பழைய வியாதி. 1950, 60-களில் கரீபியனிலிருந்து வந்த பெண்கள் பலரை மூன்று வருட எஸ்.ஆர்.என். (முழுத் தகுதி நர்ஸ்) பயிற்சியில் சேர்க்காமல் இரண்டு வருட எஸ்.இ.என். (அதற்குக் கீழ்நிலை நர்ஸ்) பயிற்சிக்குத் தள்ளினார்கள். அந்தச் சான்றை வைத்து மேலே ஏற முடியாது. இன்று அப்படி வெளிப்படையான தடுப்பு கிடையாது. 2015-லிருந்து டபிள்யூ.ஆர்.இ.எஸ். என்ற இனச் சமத்துவத் திட்டத்தில், ஒவ்வொரு என்.எச்.எஸ். டிரஸ்ட்டும் (அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) தன் ஊழியர்களின் இனவாரிக் கணக்கு காட்ட வேண்டும். அதன்படி, எல்லா வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால், இன்டர்வியூ பட்டியல்வரை வந்தவர்களில் வெள்ளையர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார். ஆறு மாதத்துக்கு ஆள் வேண்டும். விளம்பரம் கிடையாது, மேனேஜர் தனக்குப் பழக்கமான ஒருவரை 'பார்த்துக்கொள்கிறாயா' என்று கேட்கிறார். பிறகு நிரந்தர இடம் வரும்போது, அந்த ஆறு மாத அனுபவம் அவரிடம் மட்டும் இருக்கும். இன்டர்வியூவில் யாரும் அநியாயம் செய்யத் தேவையே இல்லை. எனக்கு முன்னால் இது நடந்திருக்கிறது, நான் ஷிப்டில் இருந்தபோதே.

அதனால், பாகுபாடு பற்றிய அரை மணி நேர ஆன்லைன் பாடம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. எல்லாரும் பாஸ் ஆகிறார்கள், அவ்வளவுதான். ஒரு மாத இடமானாலும் யூனிட் முழுவதுக்கும் அறிவிக்க வேண்டும். படிப்பு விடுப்பும் கோர்ஸ் பணமும் யாருக்குக் கிடைத்தன என்பது எல்லார் கண்ணிலும் பட வேண்டும். இன்டர்வியூ கேள்விகளை முன்கூட்டியே கொடுக்கலாம். நம் ஆட்கள் பலருக்குத் தான் செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது தற்பெருமையாகப் படும், யோசிக்க நேரம் கொடுத்தால் நன்றாகச் சொல்வார்கள்.

நோயாளிக்கும் இதில் பங்கு உண்டு. கீமோ மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் சிவக்கும் என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். சூடு, வீக்கம், வலியைத்தான் பார்க்க வேண்டும். கறுப்பின நோயாளியைக் கறுப்பு நர்ஸ்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிப் பாடம் எழுதும் மேசையில் அப்படிப்பட்ட தோலைத் தினமும் பார்த்தவர் இருந்தால் இது விட்டுப்போகாது. அந்த மேசைக்குப் போவது பேண்ட் 7.

ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு டிரஸ்ட்டின் டபிள்யூ.ஆர்.இ.எஸ். அறிக்கையும் அதன் இணையதளத்தில் கிடைக்கும். பேண்ட் 5-இல் எத்தனை சதவீதம், 7-இல் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டு ஆஃபரில் கையெழுத்துப் போடுங்கள்.