இனத்துவேசம் ஏன் இன்னும் போகவில்லை? வாசகர் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வரலாறும் சமூகவியலும் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம், இனத்துவேசம் பற்றியும் அந்நியர் மீதான வெறுப்பைப் பற்றியும் வாசகர்கள் கேட்டவை, அவர் எழுதியனுப்பிய பதில்களோடு. கேட்டவர்களின் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கோப்பாய், உயர்தர மாணவி: ரீச்சர், உயிரியலின்படி மனிதர்களுக்குள் இனம் என்று ஒன்று இல்லை என விஞ்ஞானம் சொல்லிவிட்டது. பிறகும் ஏன் படித்தவர்கள்கூட அதை நம்புகிறார்கள்?

சொல்லிவிட்டது உண்மைதான், பிள்ளை. 1950இலேயே யுனெஸ்கோ அறிக்கை வெளியிட்டது. 1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் கணக்கிட்டும் காட்டினார். மனிதருக்கிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நல்லூரில் அடுத்தடுத்த வீட்டுக்காரர் இருவருக்கிடையில் உள்ள வேறுபாட்டில்தான் பெரும்பங்கு அடங்கிவிடுகிறது.

ஆனால் துவேசம் விஞ்ஞானத்தை நம்பி எழுந்ததில்லை. அதனால் விஞ்ஞானம் கைவிட்டதும் அது விழவில்லை. யாருக்கு என்ன கிடைக்கும் என்ற பங்கீட்டில்தான் அதன் உயிர் இருக்கிறது. எங்கள் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1833இல் ஆங்கிலேயர் சட்டநிரூபண சபையை அமைத்தபோது, அரச அதிகாரிகள் அல்லாத (உத்தியோகப்பற்றற்ற) உறுப்பினர்களை இனவாரியாக நியமித்தார்கள்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். சபைக்குள் போக வேண்டுமானால் முதலில் நீங்கள் ஓர் இனத்தின் ஆளாக இருக்க வேண்டும். 1888இல், சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டே முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் வந்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்ற சோனக எழுத்தாளர் இராமநாதனுக்கு மறுப்பு நூல் எழுதினார். மேற்பார்வைக்குப் பூர்வீகத்தைப் பற்றிய ஆராய்ச்சிச் சண்டை. அடியில் கிடந்த கேள்வி வேறு: சோனகருக்காகச் சபையில் யார் பேசுவது?

1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோதும் இதே கதைதான். மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குத் தமிழ்மொழி மூல மாணவர்கள் சிங்கள மொழி மூல மாணவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. வெட்டுப்புள்ளிப் பட்டியலைத் தயாரித்தவர் எவரும் மரபணுவைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். இருந்த இடங்கள் கொஞ்சம், கேட்டவர்கள் அதிகம், கோடு கீற ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

படித்தவர்கள் பற்றிக் கேட்டீர்கள். படிப்பு பலருக்குத் துவேசத்தை நாகரிகமாகச் சொல்லும் வழியைத்தான் பழக்கியிருக்கிறது.

சுன்னாகம், வர்த்தகர்: தன் இனத்தை விரும்புவதும் மற்றவனைச் சந்தேகிப்பதும் மனித இயல்புதானே, ரீச்சர்? இயல்பை யார் மாற்றலாம்?

பாதி சரி. ஹென்றி தஜ்பெல் என்று ஓர் உளவியலாளர். போலந்தில் பிறந்த யூதர். போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி உயிர் தப்பியவர். அவருடைய குடும்பத்தில் பெரும்பாலானோர் தப்பவில்லை. 1970 வாக்கில் பிரிஸ்டலில் பள்ளிக்கூடப் பையன்களைக் கூட்டி, இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடைய படம் பிடித்திருக்கிறது என்று கேட்டார். அந்த விருப்பப்படி இரண்டு குழுக்களாகப் பிரித்ததாகப் பையன்களிடம் சொன்னார். உண்மையில் பிரித்தது எழுமாற்றாக. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார் என்பதுகூட எவனுக்கும் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பகிரச் சொன்னார். தன் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட இடைவெளி பெரிதாக இருக்கட்டும் என்று பலர் தெரிவுசெய்தார்கள். இந்த இடத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பக்கத்து வளவுக்காரன் மாடி கட்டக்கூடாது என்பதற்காகத் தன் காணியில் இரண்டடியை வழக்குக்குச் செலவழித்த ஆட்களை அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே 'நாங்கள், அவர்கள்' என்று பிரிய மனம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கோட்டில் பிரிவது என்பதை இயல்பு தீர்மானிப்பதில்லை. ஓவிய ரசனைக்காக எவரும் ஊரைக் கொளுத்தியதில்லை. நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள், பள்ளிக்கூடங்களில் போதனை மொழி மாறியதும் சில தலைமுறைக்குள் சிங்களவராகிவிட்டன. இயல்பென்றால் அது இப்படி இரண்டு வாங்கும் கரும்பலகையும் மாறியவுடன் மாறுமா? அரசாங்கங்கள் கோடு கீறுகின்றன, பாடப்புத்தகங்கள் அதைத் தடிப்பாக்குகின்றன, தேர்தல்கள் நான்கைந்து ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கின்றன.

ரொறொன்ரோ, இரண்டு பிள்ளைகளின் தந்தை: கனடாவில் எல்லாச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் என் மகன் வேலை விண்ணப்பத்தில் தன் பெயரைச் சுருக்கி ஆங்கிலப் பெயர் போலப் போடுகிறான். இது வீண் பயமா?

வீண் பயமில்லை. உங்கள் நகரத்திலேயே சோதித்திருக்கிறார்கள். ஒரே தகுதியுள்ள ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார் பிலிப் ஒரியோபொலஸ் என்ற பொருளியலாளர். 2011இல் வெளியான முடிவு: சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக நேர்முக அழைப்பு வந்தது. ஒதுக்கியவர்களில் பலர் நல்ல மனிதர்களாக இருக்கக்கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'எங்கள் இடத்துக்குச் சரிவருவாரா' என்று ஒரு கணம் தயங்கி அடுத்த விண்ணப்பத்தை எடுத்திருப்பார்கள். அந்தத் தயக்கத்தைப் பிடித்துத் தண்டிக்க எந்தச் சட்டத்துக்கும் கண் இல்லை.

இன்னொன்றும் நினைவூட்டுகிறேன். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து வந்தபோது, எதிர்ப்புக் குரல்கள் இருந்தும் அரசு அவர்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்தது. 2010இல் 492 பேருடன் சன் சீ கப்பல் மேற்குக் கரைக்கு வந்தபோது அரசு முதல் நாளே ஆட்கடத்தல், பயங்கரவாதம் என்ற சொற்களோடு நின்றது. பலர் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் ஒரே மக்கள்தான். அந்நியர் வெறுப்பு ஒரு சமூகத்தில் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேலே இருப்பவர் என்ன சொல்லில் பேசுகிறாரோ அந்த அளவுக்கு ஏறி இறங்கும்.

புத்தளம், 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர்: எங்களை அனுப்பியவர்களும் இனத்தின் பெயரால் அடிபட்டவர்கள்தானே. அடிபட்டவனுக்கு அந்த வலி தெரிந்திருக்க வேண்டாமா?

உங்கள் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பதில் எழுதுவது இலகுவில்லை, தம்பி. ஆனாலும் எழுத வேண்டும்.

1983 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதற்காகக் கொழும்பில் கடை வைத்திருந்த, அந்தத் தாக்குதலைப் பற்றி ஏதும் அறியாத தமிழர் கொல்லப்பட்டார்கள். 1990இல் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இரத்தம் சிந்தியது. அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும், ஏறத்தாழ 75,000 பேர், வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கிழக்கில் நடந்ததற்கு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்த முஸ்லிம் தையல்காரர் என்ன பொறுப்பு? கொழும்புக் கடைக்காரர் திருநெல்வேலிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவுதான். ஒருவன் செய்ததற்கு அவன் இனத்தான் எவனும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இரண்டிலும் ஓடிய நியாயம். ஏழு வருட இடைவெளியில் நாங்கள் அந்த நியாயத்தால் அடிவாங்கினோம், பிறகு அதையே எடுத்துப் பயன்படுத்தினோம்.

வலி ஏன் தடுக்கவில்லை? அடிபட்ட சமூகம் முதலில் கேட்பது ஒற்றுமையை. ஒற்றுமையைக் கேட்கத் தொடங்கியதும் 'யார் முழுமையாக எங்கள் ஆள் இல்லை' என்ற தேடலும் தொடங்கிவிடுகிறது. பயம் மிகுந்த காலத்தில் அந்தத் தேடலை எதிர்த்துக் கேட்பவரும் சந்தேகத்துக்குரியவராகிவிடுவார். அதனால் அழுதவர்கள் வீட்டுக்குள் அழுதார்கள். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. விட்டுப்போன வீடுகளில் கதவு நிலைகூட மிஞ்சாமல் போனதற்குப் பயம் காரணமில்லை. 1981இல் எரிந்த எங்கள் நூலகத்தையும் அதில் போன ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறோம். ஒக்டோபர் 30ஐ இந்த ஊரில் எத்தனை பேர் நினைவுகூர்கிறார்கள் என்பதை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளிநொச்சி, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்: நாங்களும் தமிழ்தான், சைவம்தான். ஆனாலும் இங்கே எங்களுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

தெரியும். அந்தப் பெயரை ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். 1948இன் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த உங்கள் பாட்டன்மாரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தில் இரண்டு பிரதமர்கள் அமர்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், போகிறவரிடம் கேட்கவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்கள் காணிப் பத்திரம் இல்லாமல் காடு வெட்டினார்கள். பத்திரம் இல்லாதவனை அந்நியன் என்று அழைப்பது இலகு. மொழியும் சமயமும் ஒன்றாக இருந்தாலும் பங்கு கேட்பவன் புதியவனாக இருந்தால் போதும்.

கனகம்புளியடி, பெயர் குறிப்பிடவில்லை: இனவாதம் பற்றிப் பேசும்போது ஏன் சாதியை உள்ளே இழுக்கிறார்கள்? அது எங்கள் உள்விவகாரம்.

கொழும்பு அரசும் ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், எங்களைப் பற்றி அப்படித்தான் சொல்கிறது.

1965இன் இன ஒதுக்கல் ஒழிப்பு உடன்படிக்கை வம்சாவளியையும் ஒரு காரணமாகக் குறிப்பிடுகிறது. அதில் சாதியும் அடங்கும் என்று 2002இல் அதற்கான ஐ.நா. குழு தெளிவாகச் சொல்லிவிட்டது. இங்கே 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சமபந்தி, சம ஆசனத்துக்காக, அதாவது எல்லாச் சாதியாரும் ஒன்றாக உண்ணவும் அமரவும், நின்றது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போவதற்குப் போராட வேண்டியிருந்தது. பிறப்பைக் கேட்டு ஆளை அளக்கும் பழக்கத்தைப் பிள்ளை முதலில் வீட்டில் பழகுகிறது. கலியாணப் பேச்சில், கிணற்றடியில். பிறகு அதை மற்ற இனத்துக்கு விரிப்பது பெரிய வேலையில்லை.

மன்னார், தாதியர் பயிற்சி மாணவி: கொத்துரொட்டியில் கருத்தடை மாத்திரை என்ற கதையை எப்படி நம்பினார்கள்? மருத்துவம் கொஞ்சம் தெரிந்தாலே சிரிப்பு வருமே.

2018 பெப்ரவரி, அம்பாறை. முஸ்லிம் உணவகத்தில் சிங்களவருக்குக் கொடுத்த உணவில் கிடந்த மாக்கட்டியை மாத்திரை என்றார்கள். அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை. ஆனாலும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த ஆண்டின் வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

இப்படியான வதந்தியை மக்கள் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புவதில்லை. ஏற்கெனவே செய்ய நினைத்ததற்கு அது அனுமதி தருகிறது. 'அவர்கள் எண்ணிக்கை பெருகுகிறது' என்ற பயம் பல ஆண்டுகளாக ஊட்டப்பட்டிருந்தது. மாத்திரை அதற்குள் அழகாகப் பொருந்திவிட்டது. நாங்கள் தப்பியவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு 'அந்தக் கடையில் வாங்காதீர்கள்' என்ற செய்தி எனக்கு வட்சப்பில் வந்தது தமிழில்தான், அதுவும் நான் படிப்பித்த பிள்ளைகளிடமிருந்து.

நல்லூர், ஆசிரியர்: அப்படியானால் பழகினால் போய்விடுமா? ஒன்றாகப் படித்தால், ஒன்றாக விளையாடினால்?

நிபந்தனையோடு. 1954இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னார்: இரு தரப்பும் சம நிலையில் சந்திக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதிகாரத்தின் ஆதரவும் வேண்டும். 2006இல் பெற்றிக்ரு, ட்ரொப் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாகத் துவேசத்தைக் குறைக்கிறது என்றார்கள்; இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாக.

இப்போது எங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். இங்கே பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் மொழியால் பிரிந்தவை, முஸ்லிம்களுக்கு வேறு. ஒரு தலைமுறை சிங்களவரைச் சந்தித்தது காவலரணில், துவக்குக்கு முன்னால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு. அதுவும் சந்திப்புத்தான்; ஆல்போர்டின் நான்கில் ஒன்றுகூட அதில் இல்லை. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சிங்கள மாணவர்கள் நிறையப் படிக்கிறார்கள். ஆனால் 2016 ஜூலையில் வரவேற்பு நிகழ்வில் சிங்களவரின் கண்டிய நடனம் வேண்டும், வேண்டாம் என்று கைகலப்பு வந்தது. ஒரே வளாகத்தில் வைத்தால் மட்டும் போதாது. ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே அறிக்கையை இரண்டு பேரும் சேர்ந்து எழுத வேண்டியிருந்தால், அங்கே ஏதாவது நடக்கலாம்.

திருநெல்வேலி, வாடகைக்கு வீடு தேடுபவர்: பெயரைக் கேட்டதும் 'வீடு கொடுத்தாயிற்று' என்கிறார்கள். அடுத்த கிழமையும் அதே வீட்டுக்கு அறிவித்தல் தொங்குகிறது. வழக்குப் போடலாமா?

வீட்டுக்காரர் மீது அடிப்படை உரிமை வழக்குப் போடுவது கடினம். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதியால் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியது அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராக. தனியார் வீடு அதற்குள் வராது. 12(3) கடைகள், உணவகங்கள், விடுதிகள், தன் மதத்துப் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றைச் சொல்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. ஆட்சியாளர் எவரும் இந்த ஓட்டையை அடைக்க அவசரப்படவில்லை. வீட்டுக்காரருக்கும் வாக்கு இருக்கிறது.

அதே பாகுபாட்டை ஓர் அரச அலுவலகம் காட்டினால் கதை வேறு. நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. திகதி, நேரம், பேசியவரின் பதவி மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.