மருத்துவம் முடித்த மகன் சட்டம் படிக்க விரும்பினால்

அன்புள்ள ஐயா,

எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவமனையில் பணிபுரியும் மகன் திடீரென்று சட்டம் படிக்கப் போவதாகச் சொல்கிறார் என்றும், இத்தனை ஆண்டுப் படிப்பும் செலவும் வீண்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 28 ஆண்டுகள் நீதிபதியாக இருந்த சாமுவேல் ஃப்ரீமன் மில்லரின் வாழ்க்கையைச் சொல்லிப் பதில் எழுதுகிறேன். அவரும் முதலில் மருத்துவர்தான்.

1816-இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த மில்லர், 1838-இல் டிரான்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பார்பர்வில் என்ற சிற்றூரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார். அந்த ஊர் விவாதக் கழகத்தில் பேசிப் பழகிய அவர், சட்ட நூல்களைத் தாமாகவே படித்து 1847-இல் வழக்கறிஞரானார். சட்டக் கல்லூரியை மிதிக்காமலே வழக்கறிஞராவது அங்கே அன்று இயல்பு. உங்கள் மகனுக்கு அந்த வழி இல்லை. ஆனால், மருத்துவத்தில் வந்த வருமானத்தை நம்பி வாழ்ந்துகொண்டே அவர் சட்டம் கற்றார் என்பதை நீங்கள் இருவரும் கவனிக்க வேண்டும்.

அடிமை முறையை வெறுத்த அவர், கென்டக்கியில் அதன் பிடி மேலும் இறுகியதைக் கண்டு, 1850-இல் தம்மிடமிருந்த அடிமைகளை விடுவித்துவிட்டு அயோவாவின் கியோகக் நகருக்குக் குடிபெயர்ந்து அங்கே வழக்கறிஞர் தொழிலை நடத்தினார். 1861-இல் ஆளுநர் பதவிக்குத் தம் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றார். மறு ஆண்டே, அதற்கு முன் உயர்ந்த நீதிமன்றம் எதிலும் நீதிபதியாக இருந்திராத அவரை லிங்கன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கிலிருந்து அந்த மன்றத்துக்குச் சென்ற முதல் நீதிபதி அவரே. இதில் காலத்தின் பங்கு பெரிது. நாள் செய்வதை நல்லார் செய்யார் என்பார்களே, அதுதான். ஆகவே இதைக் காட்டி உங்கள் மகனும் நீதிபதியாவார் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

படிப்பு வீணா என்ற கேள்விக்கு 1873-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று ஓரளவு விடை தருகிறது. நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மேலே ஆற்றோரம் இருந்த இறைச்சிக் கூடங்களிலிருந்து குடலும் கழிவும் மிசிசிப்பியில் கொட்டப்பட்டன. நகரம் குடித்ததும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். 1869-இல் லூசியானா சட்டமன்றம், ஆடுமாடு அறுப்பதையெல்லாம் ஒரே நிறுவனத்தின் கூடத்துக்கு மாற்றி, அந்த உரிமையை 25 ஆண்டுகளுக்கு அதற்கே கொடுத்தது. கசாப்புக்காரர்கள் தொடுத்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று மில்லர் எழுதினார். பொதுச் சுகாதாரத்தை அவர் எடைபோட்ட விதத்தில் பழைய மருத்துவரின் கண் தெரிவதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அதே தீர்ப்பு, அடிமை முறை ஒழிந்தபின் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 14-ஆவது திருத்தத்தில், குடிமக்களின் உரிமைகளை மாநிலங்கள் குறைக்கக் கூடாது என்ற முக்கியப் பிரிவை வெகுவாகச் சுருக்கிவிட்டது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு அது பின்னாளில் இழப்பாகவே முடிந்தது. மருத்துவ அறிவு துணை நிற்கும். தவறே நேராமல் காத்துவிடாது.

இனி உங்கள் வீட்டு விஷயம். நம் நாட்டில் மருத்துவத் தொழில் நடத்திக்கொண்டே வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்பதை, ஓர் அறுவை சிகிச்சை நிபுணரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதி செய்துவிட்டது. சட்டப் படிப்பு மூன்றாண்டுகள். வகுப்புக்குச் செல்வதும் கட்டாயம். அந்த ஆண்டுகளுக்கும், தொழிலில் காலூன்றும் வரையிலான காலத்துக்கும் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதைத் தாளில் எழுதிக் காட்டும்படி அவரிடம் கேளுங்கள்.

அதுவரை அவர் வேலையை விட வேண்டாம். விடுப்பு கிடைக்கும் நாள்களில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளின் விசாரணையைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். பெரும்பாலான நாள்களில் வாய்தாதான் கிடைக்கும். ஐந்தாறு முறை அப்படிப் போய்வந்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால், செலவுக் கணக்கு எழுதிய அந்தத் தாளோடு இருவரும் என்னை வந்து பாருங்கள்.